கை நின்றால் எழுதி முடிந்ததா?

இணையப் படிவமொன்றில் ‘பிரதேச செயலகப் பிரிவு’ என்ற கூட்டில் ஒருவர் ‘கோறளைப்பற்று’ என்று ரைப் செய்து கையை எடுக்கிறார். எழுதி முடித்துவிட்டாரா? மட்டக்களப்பு மாவட்டத்தில் வாழ்கிற எவரும் இதற்கு உடனே விடை சொல்லமாட்டார். வாழைச்சேனைப் பிரிவைச் சேர்ந்தவர் என்றால் முடித்துவிட்டார். அந்தப் பிரிவின் முழுப்பெயரே அதுதான். வாகரைக்காரர் என்றால் பின்னால் ‘வடக்கு’ வரவேண்டும். கிரானுக்குத் ‘தெற்கு’, ஓட்டமாவடிக்கு ‘மேற்கு’. ‘மத்தி’ என்றும் ஒன்று உண்டு. தெற்கே மட்டக்களப்பு வாவியை ஒட்டி வந்தால் மண்முனை: மண்முனை வடக்கு, மண்முனை மேற்கு, மண்முனைப்பற்று, மண்முனை தென்மேற்கு, மண்முனை தென் எருவில் பற்று. ஏறாவூரிலும் நகர் ஒன்று, பற்று ஒன்று. மாவட்டத்தின் 14 பிரிவுகளில் 12 இந்த மூன்று பெயர்களில் ஒன்றோடுதான் தொடங்குகின்றன. காத்தான்குடியும் போரதீவுப்பற்றும் மட்டுமே தனித்து நிற்பவை.

படிவங்களைக் கட்டுகிற மென்பொருளாளர்களிடம் கேட்டால் தயக்கமில்லாமல் விடை வரும். கை நின்று 300 மில்லிசெக்கன் கடந்தால், கொஞ்சம் நிதானமானவர் கணக்கில் 500 மில்லிசெக்கன் கடந்தால், எழுதுகிறவர் முடித்துவிட்டார். ஒவ்வொரு விசை விழும்போதும் ஒரு கடிகாரத்தை ஓடவிடு. அடுத்த விசை விழுந்தால் அதை நிறுத்திப் புதிதாக ஓடவிடு. கடிகாரம் ஓடி முடிந்தால் எழுத்தும் முடிந்தது. பாடநெறிகளில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் இதைத்தான் கேட்கிறார்கள். அந்த ஒரு கணிப்பின் பேரில் கூட்டைச் சிவப்பாக்குகிறார்கள், பட்டியலிலிருந்து ஒரு பெயரைத் தாமாகவே தெரிந்து போடுகிறார்கள், ஆளை அடுத்த கூட்டுக்குத் தள்ளுகிறார்கள், எழுதியதைச் சேவையகத்துக்கு அனுப்பியும் விடுகிறார்கள்.

இது பிழையான கொள்கை. நேர அளவைக் கூட்டிக் குறைத்துத் திருத்திவிடக்கூடிய பிழையுமல்ல இது. எழுதி முடித்தாரா என்பது எழுதுகிறவரின் தீர்மானம். கூட்டை விட்டு வெளியேறியோ பொத்தானை அழுத்தியோ அவர் அதைக் காட்டும்வரை, முடிந்தது என்று அறிவிக்கும் உரிமை வேறெவருக்கும் கிடையாது. வாவியின் இரு கரையிலும், கிழக்கே எழுவானிலும் மேற்கே படுவானிலும், தமிழில் படிவம் நிரப்புகிறவர்களை வைத்துப் பார்த்தால் இது ஐயத்துக்கு இடமில்லாமல் தெரியும்.

கடிகார உத்தி மின்னணுவியலிலிருந்து வந்தது. ஆளியொன்றை அழுத்தும்போது உள்ளே இருக்கும் உலோகத் தகடுகள் ஒரே தடவையில் ஒட்டிக்கொள்வதில்லை. சில மில்லிசெக்கன்கள் துள்ளித் துள்ளித்தான் ஒட்டும். ஓர் அழுத்தத்தைப் பத்தாக எண்ணிவிடாமலிருக்க, துள்ளல் அடங்கும்வரை சுற்று காத்திருக்கிறது. உலோகத்துக்கு அது போதும். அதன் துள்ளல் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று அளந்து சொல்லிவிடலாம். அடங்கிய பிறகு அது யோசித்து மறுபடி துள்ளுவதில்லை. உலாவிகளுக்கு வந்தபோதும் இந்த உத்தி ஒரு நல்ல வேலையைச் செய்தது: எழுத்துக்கு ஒரு தடவை சேவையகத்தைத் தட்டாமல் வேண்டுகோள்களின் எண்ணிக்கையைக் குறைத்தது. அந்தப் பயனை யாரும் மறுக்கத் தேவையில்லை. போக்குவரத்தைக் குறைக்கிற கருவியை எடுத்து மனித எண்ணத்தை அறிகிற கருவியாக நாட்டியதுதான் தவறு.

மனிதக் கை எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை அளந்தே வைத்திருக்கிறார்கள். ஸ்டுவர்ட் கார்ட், தோமஸ் மொரான், அலன் நியுவல் ஆகிய மூவரும் 1980இல் வெளியிட்ட விசை அழுத்த மாதிரி இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. அதன்படி மிகத் திறமையான தட்டச்சாளருக்கு ஒரு விசைக்கு 0.08 செக்கன் போதும். நடுத்தரத் திறமையுள்ளவருக்கு 0.20. பொருளற்ற எழுத்துகளை அடிக்கும்போது அதுவே 0.50 ஆகிறது. சிக்கலான குறியீடுகளை அடிக்கும்போது 0.75. விசைப்பலகையே பழக்கமில்லாதவருக்கு 1.20. இவற்றுக்கு மேலாக, அடுத்து என்ன செய்வதென்று மனம் ஆயத்தமாவதற்கு ஒவ்வொரு முறையும் 1.35 செக்கனைத் தனியாகச் சேர்க்கவேண்டும் என்றார்கள். 500 மில்லிசெக்கன் கணக்கு இந்த அட்டவணைக்கு முன்னால் நிற்கமுடியாது. பழக்கமில்லாதவரின் இரண்டு விசைகளுக்கு நடுவே வரும் சராசரி இடைவெளியே அதைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. அவர் எழுத்துக்கு எழுத்து ‘முடித்து’க்கொண்டே போகிறார் என்றுதான் அந்தப் படிவம் நினைக்கும்.

சிக்கலான குறியீடு என்பது ஆய்வுகூடத்தில் மட்டும் இருக்கும் பொருளல்ல. 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் அனுமதி வந்தபோது நாடு முழுவதும் வாகன இலக்கத்தோடு செசி இலக்கத்தையும் அடிக்கவேண்டி வந்தது. இங்கே ஓடும் வாகனங்களில் பல யப்பானிலிருந்து வந்தவை. அவற்றின் செசி இலக்கம் எழுத்தும் எண்ணும் நடுவில் ஒரு கோடுமாக, மாதிரிக்கு மாதிரி வேறு நீளத்தில் இருக்கும். அந்தத் தளம் எப்படி இயங்கியது என்பது இங்கே பேச்சல்ல. மனிதர் என்ன செய்யவேண்டியிருந்தது என்பதே பேச்சு. வாகனப் புத்தகத்தைப் பார்த்து மூன்று எழுத்து, திரும்பவும் பார்த்து நான்கு இலக்கம், அது எட்டா மூன்றா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து இன்னொன்று. ஒவ்வொரு பார்வைக்கும் கை நிற்கும். எதுவும் முடிந்திருக்காது.

நீளத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பது இதே கொள்கையின் இன்னொரு கிளை. கேட்கப்படும் பொருளுக்கு ஒரு நிச்சயமான நீளம் இருந்தால் அந்த நீளம் வந்ததும் முடிந்தது என்று கொள்ளலாமாம். தேசிய அடையாள அட்டையை எடுத்துக்கொள்வோம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்ற ஆங்கில எழுத்தும். 2016இலிருந்து வழங்கப்படும் புதிய அட்டையில் 12 இலக்கம், எழுத்து இல்லை. 1985இல் பிறந்தவரின் பழைய இலக்கம் 85 என்று தொடங்கும்; புதியது 1985 என்று தொடங்கும். அடுத்த மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். இரண்டு வகையும் இன்றும் செல்லுபடியாகின்றன, இரண்டும் ஒரே கூட்டில் விழுகின்றன. புதிய அட்டைக்காரர் ஒன்பதாவது இலக்கத்தில் மூச்சு விட்டால், ‘எழுத்தைக் காணோம்’ என்று கூடு சிவக்கிறது. பழைய அட்டைக்காரரின் கதை இதைவிட மோசம். ஒன்பது இலக்கத்தை அடித்துவிட்டு, தமிழ் விசைப்பலகையில் இல்லாத அந்த ஆங்கில எழுத்துக்காக அவர் விசைப்பலகையையே மாற்றவேண்டும். அந்த மாற்றத்துக்கு ஆகும் நேரம் எந்தக் கடிகாரத்தையும் ஓடி முடிக்கவைக்கும்.

தொலைபேசி இலக்கமும் அப்படியே. மட்டக்களப்பின் 065இல் தொடங்கினால் பத்து இலக்கம், சுழியத்தை விட்டால் ஒன்பது, வெளிநாட்டில் மகன் இருக்கும் வீட்டில் +94 போட்டுப் பழகியவர்கள் எழுதினால் அதுவும் வேறு. மூன்றும் சரியான இலக்கங்கள்.

படிவத்தை நிரப்புவது ஒருவராகவே இருப்பார் என்ற கற்பனையும் இந்தக் கொள்கைக்குள் ஒளிந்திருக்கிறது. களுவாஞ்சிகுடியிலோ செங்கலடியிலோ ஒரு கொமினிகேசன் கடைக்குள் எட்டிப் பார்த்தால் அது நொறுங்கிவிடும். கதிரையில் இருந்து ரைப் செய்கிறவர் ஒருவர். பின்னால் நின்று சொல்கிறவர் இன்னொருவர். அவர் தாயாக இருப்பார், அட்டை இடுப்புப் பையின் அடியில் கிடக்கும். “பொறு மனே, காட்டப் பாத்துச் சொல்றன்” என்று அவர் பையைத் துழாவும் வரைக்கும் படிவம் காத்திருக்கத்தான் வேண்டும். அவருடைய பிறந்த திகதியை வீட்டுக்குப் போன் எடுத்துக் கேட்டுச் சொல்லவேண்டி வரலாம். 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன வீடுகளில் பிறப்புப் பத்திரமும் போனது. பிரதி எடுத்தவர்கள் இருக்கிறார்கள், இலக்கத்தை மனதில் வைத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். கல்லடியிலும் நாவலடியிலும் இது யாருக்கும் விளக்கவேண்டிய விடயமில்லை. இரண்டு பேர் பேசிக்கொண்டு எழுதும்போது கை நிற்கும் நேரத்துக்கு எந்த ஆய்வகமும் ஒரு வரம்பு வைக்கமுடியாது. சில இடைவெளி இரண்டு செக்கன், சில இடைவெளி பத்து நிமிடம். வரம்பை ஒரு செக்கனாக்குவோம், ஒன்றரையாக்குவோம், ஆளின் வேகத்தைக் கற்றுக்கொண்டு மாற்றுவோம் என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் மறுமொழி: முடிந்த அமைதிக்கும் முடியாத அமைதிக்கும் நீளத்தில் வேறுபாடு கிடையாது.

எதிர்த்தரப்பின் வலிய ஆயுதம் ஓர் ஆய்வு. லூக் ரொப்லெவ்ஸ்கி 2009இல் வெளியிட்ட சோதனை அது. 22 பேரைப் பதிவுப் படிவமொன்றை நிரப்பவைத்துப் பார்த்தார்கள். பிழையைக் கடைசியில் மொத்தமாகச் சொல்லாமல் அங்கங்கேயே சொன்ன படிவத்தில் வெற்றி விகிதம் 22 சதவீதம் கூடியது, பிழைகள் 22 சதவீதம் குறைந்தன, நிரப்பும் நேரம் 42 சதவீதம் குறைந்தது. உடனுக்குடன் சொல்வதன் சிறப்புக்கு இந்த எண்களைத்தான் எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதே சோதனையின் அடுத்த பகுதியை ஏனோ விட்டுவிடுகிறார்கள். உடனுக்குடன் சொல்வதில் அவர்கள் மூன்று வகையை ஒப்பிட்டார்கள். ஒன்றில் ஆள் கூட்டை விட்டு வெளியேறிய பிறகு செய்தி வந்தது. மற்ற இரண்டில் எழுதும்போதே, அல்லது எழுதத் தொடங்குமுன்பே வந்தது. வெளியேறிய பிறகு சொன்ன வகையில் மக்கள் ஏழிலிருந்து பத்துச் செக்கன் விரைவாக முடித்தார்கள். எழுதி முடிக்குமுன் ‘பிழை’ என்று காட்டியது அவர்களைக் குழப்பியது, எரிச்சலூட்டியது. 22 பேர் என்பது சிறிய தொகைதான். ஆனால் அதை ஆதாரமாகக் கொண்டுவருகிறவர்கள் முழுவதையும் கொண்டுவரவேண்டும். முழுவதும் கடிகாரத்துக்கு எதிராகவே பேசுகிறது.

இதுவரை சொன்னவை எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழில் வந்தால் இன்னோர் அடுக்கு சேர்கிறது.

‘மட்டக்களப்பு’ என்ற ஊர்ப்பெயரில் எட்டு எழுத்துகள். யூனிகோட்டில் அது 12 குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது, ஏனென்றால் ஒவ்வொரு புள்ளியும் கடைசி உகரக் குறியும் தனித்தனியே எண்ணப்படும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99 விசைப்பலகையில் அடித்தால் ஒன்பது விசைகள் போதும். ஒரே மெய் அடுத்தடுத்து வரும்போது முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழாக்குகிறவர் 13 விசை தட்டுகிறார், சில முறைகளில் அதுவரை கூட்டுக்குள் இருப்பது ஆங்கிலம். ஒரே பெயருக்கு எட்டு, ஒன்பது, 12, 13. ‘குறைந்தது இத்தனை எழுத்து வந்ததும் தேடத் தொடங்கு’ என்று நிரலில் எழுதுகிறவர் இவற்றில் எதை எண்ணுகிறார்?

எண்ணிக்கையைவிடப் பெரிய சிக்கல், தமிழில் நடுவழி வடிவம் முழு வடிவத்தின் துண்டாக இருப்பதில்லை என்பது. தமிழ்99இல் ‘மட’ என்று இருப்பது அடுத்த விசையில் ‘மட்ட’ ஆகிறது. பின்னால் எழுதியது முன்னால் இருந்த எழுத்தை மாற்றிவிடுகிறது. இலங்கையில் புழங்கும் ரெங்கநாதன் விசைப்பலகை பழைய தட்டச்சுப் பொறியின் வழியில் வந்தது. தட்டச்சில் பழகிய எழுதுவினைஞர் ‘கோ’வை எழுதக் கொம்பை முதலில் அடிப்பார், பிறகு ககரம், பிறகு கால். கால் விழும்வரை திரையில் தெரிவது ‘கே’. அந்த இடத்தில் அவர் கை அரைச் செக்கன் நின்றால் கோறளைப்பற்றுக்காரருக்கு இந்தக் கொள்கை கேகாலையைக் கொண்டுவந்து நீட்டும். சப்ரகமுவ மாகாணத்துக் கேகாலை! வங்காள விரிகுடாக் கரையில் இருக்கிறவர் அதைப் பார்த்து என்ன நினைப்பார்? தமிழில் எழுதினால் பிழைதான் வரும், ஆங்கிலத்தில் எழுதுவோம் என்றுதான் நினைப்பார். அப்படித்தான் பலர் ஆங்கிலத்துக்குப் போகிறார்கள். வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்லியிருக்கிறது. அந்த உரிமையை ஒரு கடிகாரம் சத்தமில்லாமல் பிடுங்கிக்கொள்ள விடக்கூடாது.

உலாவிகளுக்கு இது தெரியாததல்ல. எழுத்து உருவாகத் தொடங்குகிறது, மாறுகிறது, உருவாகி முடிந்தது என்று மூன்று அறிவிப்புகளை அவை தருகின்றன. வியூ என்ற சட்டகத்தின் ஆவணம், எழுத்து உருவாகிக்கொண்டிருக்கும்போது உள்ளே இருக்கும் மதிப்பைப் புதுப்பிக்கமாட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. சீனம், யப்பானியம், கொரியன் என்று மூன்று மொழிகளைப் பெயர்சொல்லி, மற்றவற்றை ‘முதலியன’வில் அடக்குகிறது. தமிழ் அந்த ‘முதலியன’வுக்குள் நிற்கிறது. ஆனாலும் கடிகாரத்தை நம்புகிற பல நிரல்கள் இந்த அறிவிப்புகளைக் கேட்பதேயில்லை. விசை விழுந்ததா என்று மட்டுமே பார்க்கின்றன. அண்ட்ரொயிட் கைத்தொலைபேசியில் குரோம் எந்த விசை என்று சொல்லாமல் பெரும்பாலும் 229 என்ற ஒரே எண்ணைத்தான் கொடுக்கும். வட்ஸ்அப்பிலிருந்து ஒட்டினாலோ குரலால் எழுதினாலோ விசையே விழாது.

ஆட்பெயர்களிலும் இதே நிலைமைதான். ‘முகம்மது’ ஒரு முழுப்பெயர். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் அது இன்னும் வரப்போகும் இரண்டு மூன்று பெயர்களின் முதற்சொல்லாகவும் இருக்கும். ‘கந்த’ என்று நின்றால் கந்தையாவா, கந்தசாமியா, படுவான்கரைக் கந்தப்போடியா? தகப்பன் பெயரை முன்னால் எழுதும் வழக்கத்தில் ஆளின் சொந்தப் பெயரே கடைசியில்தான் வருகிறது. முதற்சொல்லோடு கூட்டை மூடிவிடும் படிவம் மகளின் விண்ணப்பத்தைத் தகப்பன் பெயரில் வாங்கிக்கொள்ளும்.

கண்பார்வையற்றவர்களுக்கு வரும் தொல்லை தனி. என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் ஒவ்வோர் எழுத்தையும் சொல்லிக்கொண்டு வரும்போது நடுவே ‘பிழை’ என்ற அறிவிப்பு பாய்ந்தால், எதை எழுதினோம் என்பதே கலைந்துபோகும். 2008இல் வந்த இணைய அணுகல் வழிகாட்டு நெறிகளின் 3.2.2ஆம் விதி, முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு கூட்டின் மதிப்பு மாறியது என்பதற்காக மட்டும் ஆளை வேறிடத்துக்குத் தூக்கிப் போடக்கூடாது என்கிறது. அது மிகக் கீழ்மட்டத் தேவைகளில் ஒன்று.

கடிகாரத்தின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு இருந்தது. பாதிப் படிவத்தில் கணினி அணைந்தவர்கள், எழுதிய ஒவ்வொரு சொல்லையும் உடனே சேமிக்கிற படிவம் கிடைத்திருந்தால் நன்றி சொல்லியிருப்பார்கள். உண்மை. ஆனால் சேமிப்பதற்கு ஆள் முடித்துவிட்டார் என்று அறிவிக்கத் தேவையில்லை. முடிக்காததை முடிக்காததாகவே, வரைவாக, அந்தக் கருவியிலேயே வைத்துக்கொள்ளலாம். மின்சாரம் வந்ததும் ‘விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்’ என்று காட்டலாம். கொமினிகேசன் கடையின் பொதுக்கணினியில் என்றால் அந்த வரைவை அடுத்த ஆள் பார்க்காதபடி அழிக்கவும் ஒரு பொத்தான் வேண்டும். எவ்வளவு தரம் வேண்டுமானாலும் சேமியுங்கள், எழுதியவரின் பெயரில் எதையும் முடிவுகட்டாதீர்கள்.

தேடல் பெட்டி எழுதும்போதே பரிந்துரை தருகிறதே என்பது அடுத்த வாதம். தருகிறது, நல்லதுதான். பரிந்துரையைப் பார்க்காமல் விட்டால் ஒன்றும் ஆவதில்லை, அது எதையும் எழுதுகிறவரின் பெயரில் பதிவதில்லை. அதையும் தாண்டி, எழுதி முடிக்குமுன்பே முழு விடைப் பக்கத்தையும் திறந்து காட்டும் வசதியைக் கூகுள் 2010 செப்டம்பரில் கொண்டுவந்தது. 2017 ஜூலையில் அந்த நிறுவனமே அதைக் கைவிட்டது. கைத்தொலைபேசிக்கு அது ஒத்துவரவில்லை. மட்டக்களப்பில் படிவம் நிரப்புகிறவர்களில் எத்தனை பேர் கைத்தொலைபேசியில் நிரப்புகிறார்கள் என்பதை அங்குள்ள எந்தக் கிராம உத்தியோகத்தரும் சொல்வார்.

இனி எல்லாவற்றிலும் பாரதூரமானது: எழுதியதை அனுப்புமுன்பே கொண்டுபோய்விடுவது. மட்டக்களப்பு ஒல்லாந்தர் கோட்டைக்குள் நெடுங்காலம் இயங்கிய மாவட்டக் கச்சேரியில் ஒரு விண்ணப்பம் ஒப்பம் விழும்போதுதான் முடியும். எழுதத் தெரியாதவருக்குப் பெருவிரல் அடையாளம். அதுவரை தாள் அவர் கையில். கிழித்துப் போடலாம், மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய் யோசிக்கலாம். கடிகாரக் கொள்கையில் அந்த இடைவெளி இல்லாமல் போய்விட்டது. 2022இல் யூஸ்நிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் வந்த ஆய்வொன்று உலகின் முன்னணி 100,000 இணையத்தளங்களைப் பரிசோதித்தது. ஐரோப்பாவிலிருந்து போனபோது 1,844 தளங்களில், அமெரிக்காவிலிருந்து போனபோது 2,950 தளங்களில், படிவத்தை அனுப்புமுன்பே, சம்மதமும் இல்லாமல், எழுதிய மின்னஞ்சல் முகவரி விளம்பர, கண்காணிப்பு நிறுவனங்களுக்குப் போயிருந்தது. எழுதியவர் மனம் மாறி அழித்திருந்தாலும் போனது போனதுதான்.

நுண்கடன் தொல்லைக்கு எதிராகப் பெண்கள் வீதிக்கு இறங்கிய மாவட்டம் இது. கடன் நிறுவனமொன்றின் படிவத்தில் தன் இலக்கத்தை எழுதிவிட்டு, வேண்டாம் என்று அழிக்கிற ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவர் எழுதும்போது நின்ற அரைச் செக்கனை முடிவாக எடுத்துக்கொண்டால், அந்த இலக்கம் ஏற்கெனவே ஒரு பட்டியலில் ஏறியிருக்கும். காணாமலாக்கப்பட்ட பிள்ளையைப் பற்றி எழுதத் தொடங்கி நிறுத்துகிற தாய்க்கு இது இன்னும் ஆபத்து. இந்த மண்ணில் எழுதி அழிப்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது எழுத்தாலோ உறுதியான செயலாலோ ஐயத்துக்கிடமின்றிக் காட்டப்படவேண்டும் என்று வரையறுக்கிறது. கையை எடுப்பது உறுதியான செயலாகுமா?

செய்யவேண்டியது கடினமானதல்ல, புதியதுமல்ல. ஆள் ஒரு கூட்டில் எழுதி அதை விட்டு வெளியேறும்போதோ என்ரர் விசையை அழுத்தும்போதோ ‘மதிப்பு மாறியது’ என்று உலாவி தானே சொல்கிறது. எச்ரிஎம்எல் நெடுங்காலமாகக் கொடுத்துவரும் வசதி அது. ரியாக்ட் போன்ற சட்டகங்கள் அதே பெயரில் ஒவ்வொரு விசைக்கும் இயங்கும் வேறொன்றைப் பழக்கிவிட்டதால், ஒரு தலைமுறை மென்பொருளாளர் பழையதை மறந்துவிட்டார்கள். மறந்ததை நினைவூட்டினால் போதும். பிழையை அந்த நேரத்தில் சொல்லலாம். பிறகு அவர் திரும்பி வந்து திருத்தும்போது, சரியானதும் உடனே சிவப்பை எடுத்துவிடலாம். கடவுச்சொல்லின் வலிமையை எழுத எழுதக் காட்டுவதில் தவறில்லை, அது உதவி. பிரதேச செயலகப் பிரிவு போன்ற கூட்டுக்கு 14 பெயரையும் பட்டியலாக விரித்து, பக்கத்தில் ஊரையும் போட்டு, ஆளையே தெரிய விடலாம்: கோறளைப்பற்று மேற்கு (ஓட்டமாவடி), மண்முனை தென்மேற்கு (பட்டிப்பளை), மண்முனை மேற்கு (வவுணதீவு). அடையாள அட்டைக் கூடு இரண்டு வகை இலக்கத்தையும், இடைவெளியோடும் கோட்டோடும் வந்தாலும், வாங்கிக்கொண்டு உள்ளே ஒழுங்குபடுத்தலாம்.

இதைத் தனிப்பட்ட மென்பொருளாளரின் நல்லெண்ணத்துக்கு விடமுடியாது. அரச படிவங்களுக்கான விலைமனு கோரும்போதே நிபந்தனையாக எழுதவேண்டும். தமிழ்99, ரெங்கநாதன், ஒலிபெயர்ப்பு என்று மூன்று வழியிலும் ஒரே பெயரை அடித்துப் பார்க்கவேண்டும். எழுத்துக்கு எழுத்து ஐந்து செக்கன் நிறுத்தி அடித்துப் பார்க்கவேண்டும். பாதி எழுதி அழித்துவிட்டு, சேவையகத்துக்கு என்ன போயிருக்கிறது என்று பதிவேட்டைத் திறந்து பார்க்கவேண்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே கணினி படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள்; இந்தச் சோதனைக்குத் தமிழில் எழுதத் தெரிந்தவர்களைத் தேடிக் கொழும்புக்குப் போகவேண்டியதில்லை. வெல்லாவெளியில் ஒரு பழைய கைத்தொலைபேசியும் அதில் முதன்முறையாகத் தமிழில் படிவம் நிரப்புகிற ஒருவரும் அந்தச் சோதனையில் கட்டாயம் இருக்கவேண்டும். அவருக்கான கொடுப்பனவும் பயணச் செலவும் ஒப்பந்தத் தொகைக்குள்ளேயே அடங்கவேண்டும்.